யூனிஃபார்ம் போடலைன்னா ரயில்வேல வேலை போயிடுமா?

யூனிஃபார்ம் இல்லாம டூட்டிக்கு வந்தா டிஸ்மிஸ்னு சர்க்குலர்ல ஒரு வரி பாத்தாலே புதுசா சேர்ந்த பசங்க பயந்துடுறாங்க, அவங்களுக்காகத்தான் இது.

யூனிஃபார்ம் போடச் சொல்றது அதிகாரியோட இஷ்டம் இல்ல, விதி. ரயில்வேயோட 1976 பொது விதிகள்ல 2.10 எடுத்துப் பாருங்க, யாருக்கெல்லாம் யூனிஃபார்மும் பேட்ஜும் உண்டோ அவங்க டூட்டில அத போட்டு சுத்தமா இருக்கணும்னு இருக்கு, யாராவது பேரு பதவி கேட்டா தயங்காம சொல்லணும்ங்கறதும் அங்கயேதான். காசும் வருதுல்ல? 2017 ஜூலைல இருந்து துணி, ஷூ, சலவைன்னு தனித்தனியா வந்தத ஒன்னாக்கி டிரஸ் அலவன்ஸ்னு வருஷா வருஷம் ஜூலை சம்பளத்தோட போடுறாங்க. தண்டவாளத்த பராமரிக்கிற டிராக்மேன், வண்டியோட போற டிரைவர், கார்டு மாதிரி ரன்னிங் ஸ்டாஃபுக்கு 5,000, ஸ்டேஷன் மாஸ்டருக்கு 10,000னு ஆரம்பிச்சுது, டிஏ, அதாவது அகவிலைப்படி, 50 சதவீதம் ஏறுற ஒவ்வொரு தடவையும் இதுவும் 25 சதவீதம் ஏறும். அத வாங்கிட்டு கலர் சட்டையில வந்தா உங்களுக்காக யாரும் வாதாட முடியாதுங்க.

ஆனா நேரா டிஸ்மிஸ் பண்ண முடியாது. ரயில்வே ஊழியர் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்குறதுக்கான 1968 டிஏஆர் விதிப்படி இந்த மாதிரி விஷயத்துக்கு வழக்கமா வர்றது எஸ்எஃப்-11, அதாவது மைனர் சார்ஜ்ஷீட், கண்டனம், இலவச ரயில் பாஸ் கட், இன்க்ரிமென்ட் நிறுத்தம் இதோட முடியும். வேலையே போகணும்னா எஸ்எஃப்-5, அதாவது மேஜர் சார்ஜ்ஷீட் குடுத்து, என்கொயரி நடத்தி, உங்க பக்கம் பேச டிஃபென்ஸ் ஹெல்பர்னு ஒரு துணை ஆள் வச்சுக்க விட்டு, உங்கள நியமிச்ச அதிகாரிக்கு கீழ இல்லாத ஒருத்தர்தான் ஆர்டர் போடணும், இது அரசியல் சாசனத்தோட 311ஆவது பிரிவு குடுத்த பாதுகாப்பு. என்கொயரி இல்லாம நீக்குற டிஏஆர் 14ஆவது விதி கோர்ட்ல தண்டனை ஆனவங்க, விசாரணையே நடத்த முடியாத நிலைமை, நாட்டோட பாதுகாப்பு இதுக்குத்தான், சட்டை பேன்ட்டுக்கு இல்ல. ஆனா ஒன்னு, எழுத்துல சொல்லியும் திரும்பத் திரும்ப போடாம இருந்தா அது யூனிஃபார்ம் கேஸா இருக்காது, உத்தரவ மீறின கேஸா மாறும், மேஜர் சார்ஜ்ஷீட் வர்றது அப்படித்தான்.

சார்ஜ்ஷீட் வந்தா வாங்க மாட்டேன்னு ஓடாதீங்க. கையெழுத்து போட்டு வாங்கி, தேதி குறிச்சு, 10 நாளுக்குள்ள பதில் எழுதுங்க, துணி தைக்க குடுத்த ரசீது, அலவன்ஸ் வராத பே ஸ்லிப், ஷூ போட முடியாத அளவுக்கு கால்ல புண்ணுன்னா டாக்டர் சீட்டு, எது இருந்தாலும் இணைச்சுடுங்க. தண்டனை வந்துட்டா அப்பீலுக்கு 45 நாள். ரிமூவல்னா பின்னாடி வேற அரசு வேலைக்கு தடை இல்ல, டிஸ்மிஸ்னா பொதுவா அந்தக் கதவும் மூடிடும், ஆர்டர்ல எந்த வார்த்தை இருக்குன்னு பாருங்க.

கான்ட்ராக்ட்ல கிளீனிங், கேட்டரிங் பாக்குறவங்களுக்கு மேல சொன்ன டிஏஆரும் இல்ல, 311ம் இல்ல. அவங்களுக்கு துணிய கான்ட்ராக்டர்தான் குடுக்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கான்னு மொதல்ல கேட்டு வாங்குங்க.