நீர் வயிற்றை அழுத்தினால் மூச்சு ஏன் எளிதாகிறது?

தென்னை மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்ட உறவினரைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்தார். "குளத்தில் பயிற்சி கொடுக்கலாம் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். உட்கார்ந்தாலே மூச்சு வாங்குகிற மனுஷனைக் கழுத்தளவு தண்ணீரில் இறக்கலாமா?"

நியாயமான பயம்தான். கிணற்றில் கழுத்தளவு நின்று பார்த்தவர்களுக்கு நெஞ்சு இறுகுவது தெரியும்.

நீர் சிகிச்சை என்றதும் எல்லாரும் மிதப்பு விதி சொன்ன ஆர்க்கிமிடீஸிடம் போவார்கள். இடுப்பளவு நீரில் கால்கள் தாங்குவது உடல் எடையில் சுமார் பாதி. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. நரம்புத் தொடர்பு கொஞ்சம் மிச்சமிருந்தால், தரையில் தூக்க முடியாத கால் நீரில் அசைவது அதனால்தான். சரி, அது பள்ளிப் பாடம். என்னை மயக்குவது மூச்சு.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் பகுதிகளிலிருந்து கிளம்புகிறது. அடி அதற்குக் கீழே பட்டிருந்தால் உதரவிதானம் தப்பிவிடும். விலா இடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும்தான் செயலிழக்கும். வயிற்றுச் சுவர் தளர்ந்துவிட்டதால், நிமிர்ந்து உட்கார்ந்ததும் குடலும் கல்லீரலும் முன்னும் கீழுமாகச் சரிகின்றன. விரித்த குடைபோல் மேலே கவிந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. மூச்சை இழுப்பதென்றால் அந்தக் குடை கீழே இறங்க வேண்டும். ஏற்கெனவே இறங்கிவிட்டது இன்னும் எவ்வளவு இறங்கும்? போதாக்குறைக்கு, சுருங்கிக் கிடக்கும் தசைக்கு இழுவிசையும் குறைவு. அதனால் இவர்களில் பலருக்கு உட்காருவதைவிட மல்லாந்து படுத்தால் மூச்சு நன்றாக வரும். நமக்கு நேர்மாறு.

இப்போது அவரை நீரில் அமர்த்துங்கள். ஆழம் ஒரு செ.மீ. கூடினால் அழுத்தம் ஏறக்குறைய முக்கால் மி.மீ. பாதரசம் கூடும். தொப்புள் 40 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அங்கே சுமார் 30 மி.மீ. நெஞ்சில் அதைவிடக் குறைவு. ஆகவே அடிவயிறுதான் அதிகம் அமுங்குகிறது. சரிந்த உறுப்புகள் உள்ளேயும் மேலேயும் போகின்றன. உதரவிதானம் மறுபடி கவிந்து நீள்கிறது. செயலிழந்த தசை செய்யாத வேலையைத் தண்ணீர் செய்கிறது! மூச்சை வெளியே தள்ளவும் அதே அழுத்தம் கைகொடுக்கிறது. நம் வயிற்றுத் தசைகள் இதையெல்லாம் ஏற்கெனவே செய்துவிடுவதால், நமக்கு நீர் வெறும் சுமை. மூச்சுக் கொள்ளளவு, அதாவது முழுக்க இழுத்து வெளியே விடும் காற்றின் அளவு, சற்றுக் குறையும். 2005-இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வில், இத்தகைய நோயாளிகள் நீரில் இருந்தபடி மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதியபோது கொள்ளளவு கூடியது.

வெந்நீர் ஊற்றின் 'மகிமை' என்று சொல்பவர்களுக்கு இது பிடிக்காது. பின்னாளில் அமெரிக்க அதிபரான, போலியோ தாக்கிய ரூஸ்வெல்ட் 1924-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து வெந்நீர் ஊற்றான வார்ம் ஸ்பிரிங்ஸுக்குப் போனபோதும் ஊற்றின் தாதுக்களைப் புகழ்ந்தவர்கள் உண்டு. அவர் காலைத் தூக்கிவிட்டது மிதப்பு. அதைக் குழாய்த் தண்ணீரே கொடுக்கும். நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் ஊசிக்கு நிலத்தை விற்கிறோம். மாவட்ட மருத்துவமனையில் சாய்தளமும் நோயாளியை இறக்கி ஏற்றும் தூக்குக் கருவியும் வைத்த ஒரு சிறு குளம் கேட்டால் மட்டும் காசில்லை என்கிறார்கள். எனக்கு இது கோபம்தான்.

வாசகரின் கேள்விக்கு வருவோம். இறக்கலாம், ஆனால் பரிசோதித்த பிறகு. மூச்சுக் கொள்ளளவு மிகக் குறைந்தவர்களை எடுத்த எடுப்பில் கழுத்தளவுக்குக் கொண்டுபோகக் கூடாது. படுக்கைப்புண் திறந்திருந்தால் குளம் வேண்டாம். வியர்வையும் நடுக்கமும் சரிவர வேலை செய்யாத உடம்பு என்பதால் நீரின் வெப்பம் முக்கியம்; 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வழக்கம். உணர்வில்லாத பாதம் தரையில் உரசிப் புண்ணாகும், காலுறை போடுங்கள். இறங்குமுன் சிறுநீர்ப்பையைக் காலி செய்வது கட்டாயம்: மார்புத் தண்டுவடத்தின் 6-ஆம் பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு, நிரம்பிய பை ஒன்றே ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். குளமே கிடைக்காவிட்டால், உட்காரும்போது வயிற்றுப் பட்டை கட்டலாமா என்று அதே பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். தண்ணீர் செய்வதில் ஒரு பகுதியை அதுவும் செய்யும்.