கூட்டுக் கயிறும் சுக்கான் இடுக்கும்

முட்டம், குளச்சல் பக்கம் கடலடிப் பார்களில், அதாவது பாறைத் திட்டுகளில், கல் இறாலுக்குக் கூடு வைப்பார்கள். கூடு அடியில் கிடக்கும். அதை அடையாளம் காட்ட மேலே ஒரு மிதவை. இரண்டுக்கும் நடுவே கயிறு. கட்டுமரத்துக்கு இந்தக் கயிறு ஒரு பொருட்டே இல்லை. அடியில் நிலையாக நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு எதுவும் இல்லாததால் கயிறு வழுக்கிப் பின்னால் போய்விடும். ஃபைபர் வள்ளத்தில் போகிறவர் எஞ்சினைத் தூக்கிச் சிக்கலைக் கையால் எடுத்துவிடுவார். மாட்டிக்கொள்வது, கொச்சியிலிருந்து குமரி முனையைச் சுற்றி இலங்கைக்குப் போகும் உல்லாசப் பாய்மரப் படகுதான்.

அதன் அடியில் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஏரா (கீல்) இறங்கியிருக்கும். பக்கவாட்டில் தள்ளும் காற்றுக்கு ஈடுகொடுக்கவும், படகு கவிழாமல் இருக்கவும் அந்தக் கனமான தகடு வேண்டும். கயிறு முதலில் மோதுவது அதன் முன்விளிம்பில். விளிம்பு செங்குத்தாக இருந்தால் கயிறு அங்கேயே தங்கிவிடும்; பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் நழுவும். எவ்வளவு சாய்வு போதும் என்பதை உராய்வு தீர்மானிக்கிறது. உராய்வுக் குணகம் 0.3 என்றால் சுமார் 17 பாகை. கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டிச் சொரசொரத்துப் போன ஏராவுக்கு இந்தக் கணக்கு உதவாது. ஆகவே கயிறு மாட்டாமலிருக்க முதல் வைத்தியம், அடியைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருப்பது. செலவும் குறைவு.

ஏராவைக் கடந்த கயிறு அடுத்துச் சந்திப்பது சுக்கானை. இன்றைய படகுகள் பலவற்றில் சுக்கான் தனியாகத் தொங்குகிறது. அதன் மேல்விளிம்புக்கும் படகின் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு சிறு இடுக்கு உண்டு. கயிறு அதில் புகுந்து இறுகினால் சுக்கான் திரும்பாது. கயிறு நழுவி ஓடினாலும் அதன் நுனியில் வரும் மிதவை முடிச்சுப் போல அங்கே அடைத்துக்கொள்ளும். இதற்குத் தீர்வு எளிது: இடுக்குக்குச் சற்று முன்னால், படகின் அடியில், சரிவான சிறு தகடு ஒன்றைப் பொருத்துவது. சரிவில் வழுக்கி வரும் கயிறு இடுக்குக்குக் கீழாக இறங்கிப் போகும். பழைய நீள ஏராப் படகுகளில் ஏராவின் பின்விளிம்போடு சுக்கானும் சேர்ந்திருந்ததால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நீரில் உரசும் பரப்பு அதிகம், வேகம் போய்விடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது படகின் எஞ்சின் சுழற்றும் புரொப்பெல்லருக்கு. தூணில் கயிற்றைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிடி பெருக்கலாகக் கூடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் எழுதிய சமன்பாடு இது. குணகம் 0.25 என்றால் ஒரு சுற்றில் பிடி ஏறக்குறைய 5 மடங்கு, இரண்டில் 23 மடங்கு, மூன்றில் 111 மடங்கு. நிமிடத்துக்கு 1,000 முறை சுழலும் புரொப்பெல்லர்த் தண்டு ஒரு வினாடியில் பதினாறு சுற்றுச் சுற்றிவிடும். பாலிபுரொப்பிலீன் கயிறாக இருந்தால் உராய்வின் வெப்பத்தில் உருகித் தண்டோடு ஒட்டியும் போகலாம். பாயில் ஓடும்போதும் புரொப்பெல்லரைச் சும்மா சுழலவிடக் கூடாது. மடங்கும் இதழ்கள் உள்ளது இன்னும் நல்லது.

தண்டில் கத்தி பொருத்திக் கயிற்றை அறுத்துவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் மனமில்லை. கயிறு போனால் மீனவருக்குக் கூடு போயிற்று. கேட்பாரற்ற கூடு கடலடியில் உயிர்களைப் பிடித்துக்கொண்டே கிடக்கும்.

கயிற்றின் தன்மையும் கணக்கில் வரும். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.91, கடல்நீருக்கு 1.025. அதனால் தளர்ந்த கயிறு மேற்பரப்பில் பாம்பாய் நெளிந்து கிடக்கும். நைலானுக்கு 1.14, அது மூழ்கும். மிதக்கும் கயிற்றில்கூட, மிதவைக்குச் சில மீட்டர் கீழே ஒரு ஈயக் குண்டு கட்டினால் தளர்ந்த பகுதி ஆழத்துக்கு இறங்கிவிடும்.

படகோட்டி பார்க்க வேண்டியது நீரோட்டத்தை, மீனவர் பேச்சில் நீவாட்டை. நீவாடு மிதவையைத் தன் போக்கில் இழுக்கும்; கயிறு எதிர்த்திசையில் கூட்டை நோக்கிச் சரிந்து இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குமரிக்குத் தெற்கே நீரோட்டம் பொதுவாகக் கிழக்கே போகும். அப்போது மிதவையின் கிழக்குப் பக்கமாகக் கடப்பதுதான் சரி. வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ். கரையோரத்தில் நீவாடு நாளுக்கு நாள் மாறும் என்பதால், மிதவைக்குப் பின்னால் நீளும் சுழிக்கோட்டைக் கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. கோடு நீளும் பக்கத்தில் கயிறு இருக்காது.

இரவில் கோடும் தெரியாது, மிதவையும் தெரியாது. பார்களை விட்டு ஆழத்துக்கு விலகிப் போக வேண்டும்; ஆனால் அந்த ஆழத்திலும் வலைகள் கிடக்கலாம்.