மின்னல் வெட்டும் திரைக்கு முன்னால் ஒரு கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு

2019 டிசம்பர் நடுவில், 17 வயதுப் பையன் ஒருவன் தன் அம்மாவுடன் என் அறைக்கு வந்தான். நான் பல ஆண்டுகளாக வலிப்பு நோயாளிகளைப் பார்க்கிற நரம்பியல் மருத்துவர். இவனை எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். (அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மாத்திரை, தூக்கம் எல்லாம் பேசி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். அப்புறம் கேட்டான்: "சார், ஸ்டார் வார்ஸ் கடைசிப் படம் வருது. தியேட்டர்ல போய்ப் பார்க்கலாமா?"

அம்மா அவன் தோளைத் தட்டினார். "இதையெல்லாமா டாக்டர்கிட்ட கேட்பாங்க?"

கேட்கத்தான் வேண்டும். 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்தில் தொடர்ந்து மினுங்கும் ஒளிக்காட்சிகள் பல இருக்கின்றன, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களை அவை பாதிக்கலாம் என்று டிஸ்னி நிறுவனமே, வலிப்பு நோயாளிகளுக்கான அமெரிக்க அமைப்பான எபிலெப்ஸி ஃபவுண்டேஷனோடு சேர்ந்து அந்த மாதத் தொடக்கத்தில் எச்சரித்திருந்தது. டிக்கெட் கவுன்டரில் அறிவிப்பு வைக்கும்படி திரையரங்குகளையும் கேட்டுக்கொண்டது.

இவனுக்கு இருப்பது விடலைப் பருவத்தில் தொடங்கும் ஒருவகை வலிப்பு. காலையில் எழுந்ததும் கை திடீரென வெட்டும். பல் தேய்க்கும் பிரஷ் எகிறி விழும், காபி டம்ளர் கைநழுவும். வீட்டில் "கவனமில்லாத பிள்ளை" என்று திட்டுவார்கள். இவன் வீட்டிலும் ஆறு மாதம் அப்படித்தான் திட்டியிருக்கிறார்கள். பிறகு ஒரு விடுமுறையில் மூன்று இரவுகள் கண்விழித்து இந்த வரிசையின் பழைய படங்களை எல்லாம் பார்த்திருக்கிறான். நான்காம் நாள் காலையில் குளியலறை வாசலில் விழுந்து உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது. மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனை எடுக்கும்போது கண்ணுக்கு முன் ஒரு விளக்கை வெவ்வேறு வேகத்தில் மினுக்கிப் பார்ப்போம். அதில் இவன் மூளையின் அலைகள் உடனே குதித்தன.

வலிப்பு உள்ள எல்லோருக்கும் வெளிச்சம் பகை அல்ல. 100 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குத்தான் மினுங்கும் ஒளியால் வலிப்பு தூண்டப்படும். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களும் பதின்வயதினரும். நொடிக்கு 5 முதல் 30 முறை மினுங்குவது அதிக ஆபத்து. அடர்சிவப்பு கூடுதல் ஆபத்து. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மாறி அடிக்கும் காட்சி சில நொடிகள் வந்தது. அன்று மாலை 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. அதனால்தான் 'எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி இல்லையே' என்று யாராவது சொல்லும்போது நான் சற்றுத் தயங்குவேன்.

எபிலெப்ஸி ஃபவுண்டேஷன் ஒரு வழி சொல்லியிருந்தது: நண்பர் ஒருவர் முதலில் பார்த்துவிட்டு வரட்டும், அடுத்த தடவை உங்களோடு வந்து, மினுக்கல் வருமுன் சொல்லி உங்கள் கண்ணை மறைக்க உதவட்டும். இவன் நண்பர்கள் யாரும் அதைப் பொறுப்பாகச் செய்வார்களா என்று எனக்கு நிச்சயமில்லை. நானே போனேன். பாக்கெட்டில் சின்ன நோட்டு, பேனா.

முதல் பக்கம் சில நிமிடங்களிலேயே நிரம்பிவிட்டது. எக்ஸகால் என்ற இருண்ட கிரகத்தில் வில்லன் பக்கத்துக் கைலோ ரென் இறங்கி நடக்கிறான். சுற்றிலும் நீல மின்னல் ஓயாமல் வெட்டுகிறது. கறுப்பு, வெளிச்சம், கறுப்பு, வெளிச்சம். பெரிய திரையில் பார்வைப் பரப்பு முழுவதையும் அது நிரப்புகிறது. இறுதிப் போரில் மறுபடியும் அதே கிரகம், அதே மின்னல், இப்போது வானளவுக்கு. நடுவிலும் சில இடங்களைக் குறித்துக்கொண்டேன்.

குறிப்பெடுக்கப் போனவனுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்தப் படத்தில் எந்த இழப்பும் நிலைப்பதில்லை. நாயகர்களின் தோழன் செவ்பாக்கா செத்துவிட்டான் என்று நெஞ்சு கனக்கிறது. சற்று நேரத்தில் உயிரோடு காட்டிவிடுகிறார்கள். சி-த்ரீபிஓ என்ற ரோபோ நினைவையெல்லாம் துறக்கிறது. பிறகு நினைவு திரும்பிவிடுகிறது. 1983 படத்தில் ஆழத்தில் தூக்கி எறியப்பட்டு அழிந்த தீய பேரரசர் பால்படீன் திரும்ப வந்துவிட்டார். எப்படி என்று தெளிவாகச் சொல்லவே இல்லை. நாயகி ரேயின் பெற்றோர் பேரில்லாத சாதாரண மனிதர்கள் என்று 2017 படம் சொன்னபோது, எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் ஒருத்தி எழுந்து நிற்கலாம் என்று பதின்வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்! அதை அழித்துவிட்டு அவளைப் பால்படீனின் பேத்தி ஆக்கியிருக்கிறார்கள். முந்தைய படத்துக்குப் பிறகு இணையத்தில் வசவுகளை வாங்கிய நடிகை கெல்லி மேரி டிரானின் பாத்திரத்தை ஓரிரு நிமிடத்துக்குள் ஒதுக்கிவிட்டதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

இந்தப் படத்தை இயக்குவதாக இருந்த காலின் டிரெவாரோ 2017இல் விலகினார், இந்த மூன்று பட வரிசையின் முதல் படத்தை 2015இல் இயக்கிய ஜே.ஜே. ஏப்ரம்ஸ் திரும்ப வந்தார். கேரி ஃபிஷர் 2016 டிசம்பரிலேயே இறந்துவிட்டதால், 2015 படத்துக்கு எடுத்துப் பயன்படுத்தாத காட்சிகளை வைத்து அவர் நடித்த லியா பாத்திரத்தை நடமாட விட்டார்கள். நெருக்கடி புரிகிறது. படம் உலகெங்கும் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததும் உண்மை. ஆனால் மூன்று படங்களையும் ஒரே கையாக யோசிக்காமல் எடுத்ததன் விலையை இந்த மூன்றாவது படம் கொடுக்கிறது. கதை தளரும் இடத்தில் எல்லாம் மின்னலும் இரைச்சலும் வந்து உட்காருகின்றன. என் நோட்டில் குறித்த காட்சிகளில் பாதியை அந்த வெட்டும் ஒளி இல்லாமலே எடுத்திருக்க முடியும்.

மறுநாள் பையனைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தேன். படம் எப்படி என்று கேட்டான். "நீயே பார்த்துட்டுச் சொல்லு தம்பி" என்றேன். நிபந்தனைகள் மட்டும் சொன்னேன். இரவுக் காட்சி வேண்டாம், பகல் காட்சிக்குப் போ. முந்தின இரவு முழுத் தூக்கம். காலை மாத்திரை தவறக் கூடாது. உண்மையில் மினுக்கலைவிட, விட்டுப்போன மாத்திரையும் கெட்ட தூக்கமும்தான் இவனைப் போன்றவர்களை அதிகம் வீழ்த்துகின்றன. திரைக்கு மிக அருகில் உட்காராதே. கூட அக்கா வரட்டும். மினுக்கல் தொடங்கினால் கண்ணை இறுக மூடுவது போதாது, இமை வழியாகவும் ஒளி போகும். உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுதாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பு. இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது தூண்டப்படுகிற அளவுக்கு ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது மூளை தூண்டப்படுவதில்லை. கை வெட்ட ஆரம்பித்தால் இடைவேளை வரை காத்திருக்காமல் வெளியே வா.

அக்காவிடம் தனியாகப் பேசினேன். தியேட்டரில் வலிப்பு வந்தால் கூட்டம் கூடும். யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள், யாராவது வாயில் ஸ்பூனை நுழைக்கப் பார்ப்பார்கள், யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்காது. அது தானாக ஓரிரு நிமிடத்தில் அடங்கும்போது கையில் சாவி இருந்ததால், சாவிக்குப் பெயர் வந்துவிட்டது. வாயில் எதை வைத்தாலும் பல் உடையும், மூச்சடைக்கும். சுற்றி இருப்பவர்களை நகரச் சொல். இடம் கிடைத்ததும் ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்குக் கீழே துப்பட்டாவை மடித்து வை, கடிகாரத்தைப் பார். 5 நிமிடம் தாண்டினாலும், அடங்கி மறுபடி வந்தாலும் 108-ஐ அழை. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்து ஸ்பிரேயை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண் மூன்று தடவை செய்து காட்டிவிட்டுத்தான் போனாள்.

நம் திரைகளில் யாராவது சிகரெட்டைப் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை ஓடுகிறது. மினுங்கும் ஒளிக்கு அப்படி ஒரு வரியை நம் ஊர்த் தியேட்டரில் நான் பார்த்ததில்லை. பிரிட்டனில் 1993இல் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் சிலருக்கு வலிப்பை உண்டாக்கிய பிறகு, ஒளிபரப்பாகும் காட்சிகளின் மினுக்கலுக்கு வரையறை கொண்டுவந்தார்கள். நாயகன் அறிமுகத்துக்கு அரங்கமே வெட்டி வெட்டி மின்னும் நம் ஊரில் அந்த ஒரு வரியைக் கேட்பது பெரிய ஆசை இல்லை. டிக்கெட் விற்கும் செயலிகளிலும் அதைப் போடலாம்.

ஜனவரியில் பையன் வந்தான். வலிப்பு வரவில்லை, கை வெட்டவில்லை. படத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரே யாரோட பேத்தியாவும் இல்லாம இருந்தப்பதான் சார் எனக்குப் பிடிச்சிருந்தா" என்றான். எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். பிறகு என் நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். நான் தவறவிட்டிருந்த இரண்டு மினுக்கல் காட்சிகளை, படம் தொடங்கி எத்தனையாவது நிமிடம் என்பதோடு தன் கையெழுத்தில் சேர்த்திருந்தான். "வேற யாராச்சும் இந்தப் படத்துக்குப் போறேன்னு கேட்டா குடுங்க" என்றான். அந்தப் பக்கத்தை நகலெடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். அடுத்த வாரமே ஒரு பெண்பிள்ளை வந்து கேட்டாள்.