ஆல்பமே காசை அரிக்கும்

ஸ்டேஷனரி கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நாணய ஆல்பங்கள் பலவற்றில் பக்கங்கள் மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்த நெகிழ்வுக்காகச் சேர்த்த எண்ணெய்ப்பசைப் பொருள் நாளடைவில் வெளியே கசியும். பிளாஸ்டிக் சிதையச் சிதைய ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். வேலூர் வெயிலில், அதுவும் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில், இது இன்னும் வேகமெடுக்கும். செம்புக் காலணாவில் பச்சைப் பிசுக்கு சீக்கிரம் தெரியும். வெள்ளி ரூபாயும் தப்பாது: 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு வெள்ளி அல்லாத உலோகக் கலப்புதான்.

புதுப் பக்கத்தை முகர்ந்து பாருங்கள். ரெயின்கோட் வாடை அடித்தால் வேண்டாம். சந்தேகம் தீரவில்லையா? செம்புக் கம்பியைக் கேஸ் அடுப்பில் நன்றாகக் காய்ச்சி, பக்கத்தின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, பெரும்பாலும் பிவிசிதான். ஜன்னல் திறந்திருக்கட்டும், புகையை முகர வேண்டாம்.

பிசுக்கு படிந்த காசைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, துடைக்காமல் காற்றில் உலர விடலாம். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் இதற்கு ஆகாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஏற்கெனவே அரித்து விழுந்த குழி எதற்கும் மாறாது. புளியும் விபூதியும் போட்டுத் தேய்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மைலார் (ஒளி ஊடுருவும் மெல்லிய பாலியெஸ்டர் தாள்) சன்னல் வைத்த அட்டை ஹோல்டர் நல்லது, விலையும் குறைவு. கெடுதல் அதன் ஸ்டேப்ளர் பின்னில். பின்னின் முதுகைக் குறடால் தட்டையாக நசுக்காவிட்டால் அடுத்த ஹோல்டரில் உள்ள காசைக் கீறும்; மழைக்காலத்தில் துருவும் பிடிக்கும். காசை எடுக்கும்போது முதலில் பின்களைக் கழற்றுங்கள், பிறகு அட்டையைப் பிரியுங்கள். கையால் அடித்த பழைய ஆற்காடு ரூபாய் தடித்து, வட்டம் பிசகி இருக்கும். சன்னலுக்குள் திணித்தால் மைலார் கிழியும். அதற்கு அமிலமும் கந்தகமும் இல்லாத தாள் உறையே சரி. இயந்திரத்தில் அடித்த கம்பெனி ரூபாயின் விட்டம் சுமார் 30.5 மி.மீ.; அதற்கு 31 மி.மீ. அக்ரிலிக் காப்ஸ்யூல் பொருந்தும். பெரிய காப்ஸ்யூலில் காசு உருண்டு விளிம்பு தேயும்.

வெள்ளி கறுப்பது வேறு கதை. அதற்குக் காரணம் கந்தகம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் இடங்களில் மயிர் நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். வெள்ளியைக் கறுக்கவைக்க அதன் மிகச் சிறிய அளவே போதும். டேனரி பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஆல்பத்தைத் திறந்த அலமாரியில் வைக்காமல், இறுக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் போட்டு இரும்பு பீரோவில் வையுங்கள். ரப்பர் பேண்டு, பழுப்புக் கவர் இரண்டிலும் கந்தகம் இருக்கலாம், டப்பாவுக்குள் விடாதீர்கள். சிலிக்கா ஜெல் பையைக் காசில் படாமல் ஒரு மூலையில் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

சாதவாகனர் ஈயக் காசு வைத்திருப்பவர்கள் மரப்பெட்டியையும் பிளைவுட் அலமாரியையும் தவிர்த்துவிடுங்கள். மரத்திலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும்.