ஓடும் எலியெல்லாம் ஒரே மாதிரி இளைப்பதில்லை

சுண்டெலியின் கூண்டுக்குள் ஒரு சக்கரத்தை வைத்துவிட்டால் போதும், யாரும் துரத்த வேண்டாம், தீனி காட்டி இழுக்க வேண்டாம், இருட்டியதும் அதுவே ஏறி ஓட ஆரம்பித்துவிடும். அடைபட்டுக் கிடக்கிற சலிப்பில்தான் இப்படிச் செய்கிறதோ என்று ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் இருந்தது. நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகத்தின் யோஹன்னா மெய்யரும் யூரி ராபர்ஸும் சக்கரத்தை வெட்டவெளியில் வைத்துக் கேமராவில் பதிவு செய்து பார்த்தார்கள். சுதந்திரமாகத் திரிகிற எலிகளும் வந்து ஓடின, தீனி வைப்பதை நிறுத்திய பிறகும் ஓடின. 2014-ல் வெளியான அந்த ஆய்வில் தவளைகள்கூடச் சக்கரம் ஏறியது பதிவாகியிருக்கிறது.

உடற்பயிற்சிக்கும் கொழுப்புக்கும் நடுவில் மரபணு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள எலி இவ்வளவு உதவுவதற்கு இந்தச் சக்கரம்தான் காரணம். மனிதனிடம் "தினமும் எவ்வளவு நடந்தீர்கள்" என்று கேட்டால் வருகிற பதிலை நம்பி கணக்குப் போட முடியாது. எலி விஷயத்தில் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை ஒரு கருவி எண்ணிவிடும், எவ்வளவு தின்றது என்பதை நிறுத்துப் பார்த்துவிடலாம், உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்பதைக் காந்த அதிர்வுக் கருவி அறுக்காமலே சொல்லிவிடும்.

இதை வைத்து 1993-ல் தியடோர் கார்லண்ட் என்ற உயிரியலாளர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார், பிறகு கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்துக்கு அதைக் கொண்டுபோய்த் தொடர்ந்தார். எட்டு எலி வம்சங்கள். நான்கில், ஒவ்வொரு குடும்பத்திலும் அதிகம் ஓடிய ஆணையும் பெண்ணையும் மட்டும் அடுத்த தலைமுறைக்கு விடுவார்கள், மற்ற நான்கில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல ஏதோ ஒன்றை. ஆறு நாள் சக்கரத்தில் விடுவார்கள், ஆனால் ஐந்தாம் நாள், ஆறாம் நாள் ஓட்டத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். முதல் சில நாள் சக்கரம் புதுசு, அந்தப் பரபரப்பில் ஓடுவதையும் நிஜமாகவே ஓடப் பிடித்து ஓடுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் இல்லையா?

பதினாறு தலைமுறை போவதற்குள் தேர்ந்தெடுத்த வம்சங்கள் மற்றவற்றைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலே ஓடின. அதிக நேரம் ஓடியதைவிட, அதிக வேகத்தில் ஓடியதுதான் முக்கியக் காரணம். அதைவிடச் சுவாரசியமான விஷயம், இந்த ஓட்டக்கார வம்சத்து எலிகள் சக்கரமே இல்லாத கூண்டில் வளர்ந்தாலும் மற்றவற்றைவிடச் சிறியவை, கொழுப்பும் குறைவு. யாரும் கொழுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, ஓட்டத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஓடும் ஆசையோடு சேர்ந்து உடம்பின் அமைப்பும் பரம்பரையாக வந்துவிட்டது.

ஆசை என்று சும்மா சொல்லவில்லை. கவனக்குறைவுக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற ரிட்டாலின் மருந்து, ஆசையைத் தூண்டுகிற டோபமின் என்ற வேதிப்பொருளின் அளவை மூளையில் கூட்டும். அதைக் கொடுத்தபோது சாதாரண எலிகள் முன்பைவிட அதிகம் ஓடின, ஓட்டக்கார எலிகளோ குறைத்துக்கொண்டன. அவற்றின் மூளையில் 'இது போதும், இது இன்னும் வேண்டும்' என்று சொல்கிற அமைப்பே வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது கஷ்டம். கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த உணவைக் கொடுத்த இன்னொரு சோதனையில், ஓட்டக்கார வம்சத்து ஆண் எலிகளில் சில 75 சதவீதம் வரை கூடுதலாக ஓடின, சாதாரண எலிகளில் அந்த ஏற்றம் வரவில்லை.

சரி, ஓடினால் கொழுப்பு எப்படிக் கரைகிறது? ஓடத் தொடங்கியதும் அட்ரினலின், நாரட்ரினலின் என்ற ஹார்மோன்கள் கொழுப்புச் செல்லின் மேலிருக்கிற ஏற்பிகளில் போய் ஒட்டும். செல்லுக்குள் லைப்பேஸ் நொதிகள் வேலையைத் தொடங்கி, சேமித்து வைத்த டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை மூன்று கொழுப்பு அமிலங்களும் ஒரு கிளிசராலுமாகப் பிரிக்கும். அந்த அமிலங்கள் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு தசைக்குப் போய், மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் உடம்பைவிட்டு வெளியேறும். இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு புரதம் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு மரபணு இருக்கிறது, அது எலிக்கு எலி கொஞ்சம் மாறும்.

ஒரே ஒரு மரபணுவால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை 2007-ல் ரிச்சர்ட் ஹான்சனின் குழு காட்டியது. பெப்சிகே (PEPCK) என்ற நொதி தசையில் மிக அதிகமாக உருவாகும்படி மரபணுவை மாற்றிய எலிகள், சாதாரண எலிகள் 200 மீட்டரில் நின்றுபோன வேகத்தில் 5 கிலோமீட்டர் வரை ஓடின. 60 சதவீதம் அதிகம் தின்றும் எடை பாதிதான், கொழுப்போ பத்தில் ஒரு பங்கு. ஆனால் இது ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கியது. இயற்கையில் வித்தியாசங்கள் இவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை.

இயற்கையாக இருக்கிற வித்தியாசங்களைத் தேட ஸ்காட் கெல்லி, டேனியல் பாம்ப் ஆகியோர் கார்லண்டுடன் சேர்ந்து ஓட்டக்கார எலிகளை, ஆய்வுக்கூடங்களில் மிகப் பரவலாக இருக்கிற சி57 பிளாக் 6 என்ற கறுப்பு எலியோடு கலந்து, நான்கு தலைமுறை இனக்கலப்பு செய்தார்கள். இரண்டு பக்கத்து மரபணுக்களும் நன்றாகக் குலுங்கிக் கலந்துவிடும். அந்த நூற்றுக்கணக்கான எலிகளை ஆறு நாள் சக்கரத்தில் விட்டு, முன்னும் பின்னும் எடையையும் கொழுப்பையும் அளந்தார்கள். எலிக்கு எலி பெரிய வித்தியாசம் இருந்தது, எவ்வளவு தூரம் ஓடியது என்பதை வைத்து மட்டும் அதை விளக்க முடியவில்லை. எடை, கொழுப்பு மாற்றத்தோடு தொடர்புள்ள இடங்கள் பல குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தன.

ஏன் தூரம் மட்டும் போதவில்லை? உடம்பு வரவு செலவைச் சரிக்கட்டப் பார்க்கும் என்பது ஒரு காரணம். ஓடுகிற எலி கூடுதலாகத் தின்னும். சக்கரத்தைவிட்டு இறங்கிய பிறகு கூண்டில் முன்புபோல அங்குமிங்கும் அலையாமல் அடங்கியிருக்கும். இன்னொன்றை எலி ஆய்வுகளைப் படிக்கிற பலர் கவனிப்பதில்லை: ஆய்வுக்கூடம் வழக்கமாக 22 டிகிரி, எலிக்கு வசதியான வெப்பநிலை சுமார் 30. நமக்கு இதமாக இருக்கிற அறையில் அது குளிரில் இருக்கிறது, சாப்பிடுவதில் கணிசமான பங்கை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவழிக்கிறது. ஓடும்போது தசையில் வருகிற சூடு அந்த வேலையில் கொஞ்சத்தைச் செய்துவிடும், அதனால் ஓட்டத்துக்கான செலவு முழுதும் கொழுப்பிலிருந்து கழியாது. எலியில் பார்த்ததை அப்படியே மனிதன்மேல் ஏற்றக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும்.

மனிதரிடம் இதே கேள்வியைக் கேட்ட நல்ல ஆய்வும் உண்டு. கனடாவின் கியூபெக்கில் குளோட் பூஷார் குழு ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒற்றைக்கரு இரட்டையர் ஏழு ஜோடியை, உணவைக் கூட்டாமல், 93 நாள் திட்டத்தில் உடற்பயிற்சி செய்ய வைத்தது. சராசரியாக 5 கிலோ குறைந்தது, ஆனால் ஒருவருக்கு 1 கிலோ, இன்னொருவருக்கு 8 கிலோ. ஒரே ஜோடிக்குள் இருந்த வித்தியாசம் மட்டும் ஜோடிக்கும் ஜோடிக்கும் இருந்ததைவிட மிகவும் குறைவு. ஒரே உழைப்பைப் போட்ட இருவரில் ஒருவர் இளைக்கவில்லை என்றால் "நீ ஒழுங்காகச் செய்யவில்லை" என்று எடுத்த எடுப்பில் பழி போடுவது எவ்வளவு அநியாயம் என்று எனக்கு இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

அதற்காக 'கொழுப்பைக் கரைக்கும் மரபணு' என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது, எச்சிலைக் கொடுத்தால் சொல்லிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பிவிடாதீர்கள். கார்லண்டின் ஓட்டக்கார வம்சங்களில் ஒன்றில் எல்லா எலிகளுக்கும் பின்னங்கால் ஆடுதசை பாதி அளவுதான். தசையைச் சுருங்க வைக்கிற மையோசின் என்ற புரதத்தின் மரபணு ஒன்றில் வந்த ஒரு சிறு மாற்றம் இதைச் செய்கிறது, இருக்கிற தசை ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். இன்னொரு வம்சத்தில் சில எலிகளுக்கு மட்டும் அது உண்டு. மிச்சம் இரண்டில் அது இல்லவே இல்லை, ஆனால் அவையும் ஏறக்குறைய அதே அளவு ஓடுகின்றன, அவையும் ஒல்லிதான். 90 தலைமுறைக்கு மேல் ஒரே பண்புக்காகத் தேர்ந்தெடுத்தும் நான்கு வம்சங்களும் ஒரே மரபணு வழியில் போகவில்லை.