ஸ்மார்ட் மீட்டர்: யூனிட்டை விடுங்கள், வோல்டேஜைப் பாருங்கள்

"பழைய மீட்டரும் யூனிட்டைத்தானே எண்ணியது? அதே வேலைக்கு இவ்வளவு செலவு செய்து புது மீட்டர் எதற்கு? இதில் லாபம் மின் நிறுவனத்துக்கா, எனக்கா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். பாதிக் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம். முதல் லாபம் நிறுவனத்துக்குத்தான். ரீடிங் எடுக்க வீடு வீடாக ஆள் அனுப்ப வேண்டாம். பாக்கி வைத்தவரின் இணைப்பைத் துண்டிக்கவும், பணம் கட்டிய பின் திரும்பக் கொடுக்கவும் கம்பம் ஏற வேண்டாம். மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல, மீட்டருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய மீட்டரில் சுழலும் அலுமினியத் தட்டு நினைவிருக்கும். அதன் அடிப்படை வடிவத்துக்கு ஹங்கேரியப் பொறியாளர் ஓட்டோ பிளாதி 1889இல் காப்புரிமை பெற்றார். வோல்டேஜுக்கு ஒரு சுருள், மின்னோட்டத்துக்கு ஒரு சுருள். இரண்டின் காந்தப்புலமும் சேர்ந்து தட்டில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கித் தட்டைத் தள்ளும்; ஒரு நிலைக்காந்தம் பிரேக் போடும். எவ்வளவு மின்திறன் போகிறதோ அவ்வளவு வேகத்தில் தட்டு சுற்றும். நூறு ஆண்டுக்கு மேல் இந்த அமைப்பு ஓடியிருக்கிறது என்றால் அது சாதாரணப் பொறியியல் இல்லை. ஆனால் அது மொத்தச் சுற்றுகளை மட்டுமே எண்ணும். எப்போது சுற்றியது என்பது அதற்கு நினைவில்லை.

மின்னணு மீட்டர் வேறு வழியில் போகிறது. நொடிக்குச் சில ஆயிரம் முறை வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் தனித்தனியாக அளந்து, பெருக்கி, கூட்டிக்கொண்டே போகும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓர் அலைக்கு 20 மில்லிநொடி. நொடிக்கு 4,000 அளவீடு என்றால் ஓர் அலைக்குள் 80. அந்தக் கூட்டுத்தொகைதான் யூனிட். இதோடு ஒரு கடிகாரம், நினைவகம், தகவல் அனுப்ப ஒரு வழி, இணைப்பைத் தூரத்திலிருந்தே துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் ரிலே என்னும் ஒரு சுவிட்ச் ஆகியவற்றைச் சேர்த்தால் அது ஸ்மார்ட் மீட்டர். தகவல் செல்பேசி வலையமைப்பில் போகலாம், மீட்டருக்கு மீட்டர் ரேடியோவில் தாவிப் போகலாம், மின்கம்பி வழியாகவே கூடப் போகலாம். இத்தாலியின் எனெல் நிறுவனம் 2001இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் ஏறக்குறைய 3 கோடி மீட்டர்களைப் பொருத்தியது மின்கம்பி வழியில்தான்.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதி.

பெரும்பாலான ஸ்மார்ட் மீட்டர்கள் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டைக் குறித்து வைக்கின்றன. கூடவே அந்த நேரத்து வோல்டேஜையும் குறித்து வைக்கலாம். பில் போட வோல்டேஜ் தனியாகத் தேவையில்லை. யூனிட் கணக்கிலேயே அது அடங்கிவிட்டது. அதனால் அந்த எண்ணைப் பல காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் மொத்த மீட்டரிலும் அதிக விவரம் சொல்லும் எண் அதுதான் என்பது என் கட்சி.

ஏன் என்று பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடு வரை வரும் கம்பிக்குக் கொஞ்சம் மின்தடை உண்டு. உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக வரும் கம்பியின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் 2 கிலோவாட் ஹீட்டரைப் போடுகிறார்கள். 230 வோல்டில் அது இழுப்பது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். பள்ளியில் படித்த ஓம் விதிப்படி அந்தக் கம்பியில் 9 × 0.2, அதாவது 1.8 வோல்ட் விழும். நீங்கள் எதையுமே போடாவிட்டாலும் உங்கள் மீட்டரில் வோல்டேஜ் ஏறக்குறைய 2 வோல்ட் இறங்கும். பக்கத்து வீட்டு ஹீட்டர் உங்கள் மீட்டரில் ஒரு தடம் பதித்துவிட்டது.

இதை வைத்து என்ன செய்யலாம்? முதலில் வரைபடம் போடலாம். எந்த வீடு எந்த டிரான்ஸ்ஃபார்மரில், எந்த ஃபேஸில் (அதிலிருந்து வரும் மூன்று மின்கம்பிகளில் எதில்) இருக்கிறது என்பது பல மின் நிறுவனங்களுக்கே சரியாகத் தெரியாது. கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் உண்மை. புயலுக்குப் பிறகு அவசரமாக மாற்றிக் கட்டியது, லோடு தாங்காமல் லைன்மேன் ஃபேஸ் மாற்றிக் கொடுத்தது எல்லாம் ஏட்டில் ஏறுவதில்லை. இப்போது மீட்டர்களின் வோல்டேஜ் வரிசையை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரே ஃபேஸில், ஒரே கம்பியில் இருக்கும் வீடுகளின் வோல்டேஜ் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். எந்த அளவுக்குச் சேர்ந்து ஆடுகின்றன என்பதைச் சொல்ல ஒட்டுறவுக் கெழு இருக்கிறது. புள்ளியியல் முதல் பாடத்திலேயே வருவது. 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 96 அளவு, 30 நாளில் 2,880. இரண்டு வரிசைகள் தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பில்லாத நீளம் அது.

இதில் ஒரு சிக்கலும் அதற்கு ஓர் அழகான தீர்வும் உண்டு. மாலையில் ஊர் முழுக்க விளக்கைப் போட்டால் எல்லா ஃபேஸிலும் வோல்டேஜ் இறங்கும். அப்போது எல்லா வீடும் எல்லா வீட்டோடும் ஒத்துப்போவதுபோலத் தெரியும். அதனால் வோல்டேஜை அப்படியே ஒப்பிடாமல், முந்தைய அளவிலிருந்து எவ்வளவு மாறியது என்பதை மட்டும் எடுத்து, எல்லோருக்கும் பொதுவான மாற்றத்தைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது அந்தந்தத் தெருவின் சொந்த ஆட்டம். இன்னொரு வசதியும் உண்டு. ஒரு மீட்டர் எப்போதும் 1 வோல்ட் கூடுதலாகவே காட்டும் ரகம் என்றால்கூடக் கவலையில்லை. நமக்கு வேண்டியது ஏற்ற இறக்கம்தான், மட்டம் இல்லை. ஒரே ஒரு ஆளைத் தெருவில் இறக்காமல், இருக்கிற எண்களை மட்டும் வைத்து மொத்த இணைப்பு வரைபடத்தையும் மீட்டெடுக்க முடிகிறது.

மின்திருட்டைப் பிடிப்பதும் இங்கேதான் தொடங்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு மீட்டர் வைத்து, வெளியே போன யூனிட்டிலிருந்து அதன் கீழுள்ள வீடுகளின் மொத்த யூனிட்டைக் கழித்தால், கம்பியில் வீணான வெப்பம் போக மிஞ்சுவது திருட்டு அல்லது பழுதான மீட்டர். வரைபடம் தப்பாக இருந்தால் இந்தக் கழித்தலும் தப்பு; யாரோ எடுத்ததற்கு யார் மேலோ சந்தேகம் விழும். வரைபடம் சரியானதும் அடுத்த படிக்குப் போகலாம். மீட்டருக்கு முன்னாலேயே கொக்கி போட்டு எடுப்பவரின் மின்னோட்டம் எந்த வீட்டு மீட்டரிலும் பதிவாகாது. ஆனால் அந்த மின்னோட்டமும் அதே கம்பி வழியாகத்தான் வந்தாக வேண்டும், வோல்டேஜை இறக்கித்தான் ஆக வேண்டும். சுற்றியுள்ள மீட்டர்கள் எல்லாம் "வோல்டேஜ் 3 வோல்ட் இறங்கியது, ஆனால் எங்களில் யாரும் அவ்வளவு இழுக்கவில்லை" என்று பதிவு செய்தால், அந்தக் கம்பத்துக்கும் இந்தக் கம்பத்துக்கும் இடையில் தேடு என்று பொருள். மீட்டரை ஏமாற்றலாம், ஓம் விதியை ஏமாற்ற முடியாது.

வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பயன்படும் இடமும் இதே கணக்கில் இருக்கிறது. உங்கள் மின்னோட்டம் கூடும்போது உங்கள் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று தொடர்ந்து பார்த்தால், உங்கள் வீட்டுக்கு வரும் கம்பியின் மின்தடை கிடைத்துவிடும். அது மாதக்கணக்கில் ஒரே அளவில் நிற்க வேண்டும். 0.2 ஓமாக இருந்தது மெல்ல மெல்ல 0.5 ஆகிறது என்றால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்து அரித்துப்போகிறது. கூடுதலாக வந்த 0.3 ஓமில் 10 ஆம்பியர் போனால் அந்த ஒரே புள்ளியில் 30 வாட் வெப்பம். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு ஈயம் உருக்கும் சாலிடரிங் கருவியின் திறன் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த வெப்பம் கம்பத்திலோ மீட்டர் பெட்டிக்குள்ளோ மணிக்கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பி அறுந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: ஒரே நொடியில் சில வீடுகளில் வோல்டேஜ் எகிறும், சில வீடுகளில் சரியும். டிவியும் ஃபிரிட்ஜும் எரிவதற்கு முன்னால் எச்சரிக்கை கொடுக்க இந்த ஒரு அடையாளம் போதும், அதைக் கவனிக்க அலுவலகத்தில் ஏற்பாடு இருந்தால்.

மின்சாரம் நின்றுபோகும்போது மீட்டர் செய்வதும் சுவாரசியமானது. கரண்ட் போன மீட்டர் எப்படித் தகவல் அனுப்பும்? உள்ளே ஒரு மின்தேக்கியில் கொஞ்சம் மின்னூட்டம் சேமித்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றதும் அதைக் கொண்டு "எனக்கு இல்லை" என்று ஒரு சின்னச் செய்தியை அனுப்பிவிட்டு அணைந்துபோகும். ஆயிரம் மீட்டர்கள் ஒரே நேரத்தில் கூவினால் செய்திகள் மோதிக்கொள்ளுமே என்பதற்காக ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சிறு இடைவெளி விட்டு அனுப்பும். எல்லாம் வந்து சேர வேண்டும் என்றும் இல்லை. எந்தெந்தத் தெரு மீட்டர்கள் பேசின என்பதை வரைபடத்தில் வைத்தாலே அறுந்த இடம் தெரிந்துவிடும். பழுது பார்த்த பிறகு ஒவ்வொரு மீட்டரையும் கூப்பிட்டுப் பார்த்து, இன்னும் இருட்டில் இருக்கும் வீட்டையும் கண்டுபிடிக்கலாம்.

மற்ற பயன்கள் பலருக்கும் தெரிந்தவைதான். உத்தேச பில் இல்லை. கூரையில் சோலார் இருந்தால் அனுப்பியதும் வாங்கியதும் தனித்தனியாகப் பதிவாகும். எல்லோரும் தூங்கும் நேரத்துப் பயன்பாட்டைப் பார்த்தால், அணைக்காமல் விட்ட கருவியும் ஓயாமல் ஓடும் ஃபிரிட்ஜும் சிக்கும். நேரத்துக்கு ஏற்ற கட்டணம் மட்டும் கொஞ்சம் சிக்கலான விஷயம். மாலை உச்ச நேரத்துக்காக மட்டுமே ஓடும் மின்நிலையங்களைக் குறைக்க அது உதவும், உண்மைதான். ஆனால் வேலைக்குப் போய் மாலையில் திரும்பி, அப்போதுதான் சமைக்கவும் துவைக்கவும் முடிகிற குடும்பம் எந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும்? மாற்றிக்கொள்ள வழியில்லாதவருக்கு அது வெறும் கட்டண உயர்வு. நிறுவனம் மிச்சப்படுத்தியதில் வாடிக்கையாளருக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதை மீட்டர் முடிவு செய்வதில்லை, கட்டணம் நிர்ணயிப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

பயங்களையும் பார்த்துவிடுவோம். மீட்டரின் கதிர்வீச்சால் தலைவலி, தூக்கமின்மை என்று பரவும் செய்திகளுக்கு அடிப்படை இல்லை. அது அனுப்புவது குறைந்த திறனுள்ள ரேடியோ அலை, அதுவும் அவ்வப்போது மிகச் சிறிய நேரத்துக்கு. காதில் செல்பேசியை வைத்துக்கொண்டே மீட்டரைத் திட்டுபவர்களோடு வாதிட எனக்குப் பொறுமை குறைவு.

"புது மீட்டர் அதிகமாக ஓடுகிறது" என்ற புகாரை அப்படித் தள்ள முடியாது. நாள்பட்ட தட்டு மீட்டரில் உராய்வு கூடி, குறைந்த லோடில் தட்டு மந்தமாகச் சுற்றும். அதனால் பலருக்கு இதுவரை பில் குறைவாக வந்திருக்கும். அதே சமயம் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லெஃபரிங்க் குழு ஆய்வகத்தில் சோதித்த 9 மின்னணு மீட்டர்களில் 5, சில சூழல்களில் அளவுக்கு மீறி அதிகமாகக் காட்டின. உச்சபட்ச மிகை 582 விழுக்காடு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு இணைத்த எல்இடி விளக்குகள் அலையைக் கூர்மையாக வெட்டி எடுத்ததும், மின்னோட்டத்தை அளக்க ரோகோவ்ஸ்கி சுருள் என்ற வகைச் சுருளை வைத்த மீட்டர்கள் அதில் தடுமாறியதும் காரணம். சாதாரண வீட்டில் இது நடப்பது அரிது. ஆனாலும் கேள்வி கேட்டது ஒரு பல்கலைக்கழகம்தான். இந்த மாதிரி ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது வீண் இல்லை; மீட்டர் வாங்கும் செலவில் ஒரு துளியையாவது, அதைச் சந்தேகப்படும் ஆய்வகங்களுக்குக் கொடுக்க வேண்டும். பெயர், முகவரி நீக்கிய வோல்டேஜ் பதிவுகளை மாணவர்களுக்குத் திறந்துவிட்டாலும் நல்லது. இப்போது அவை பெரும்பாலும் பூட்டிய அறையில்தான் கிடக்கின்றன.

பெயரை நீக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மொத்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே உள்ளே எந்தக் கருவி ஓடுகிறது என்று பிரித்துச் சொல்லலாம் என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட் 1980களிலேயே காட்டிவிட்டார். 15 நிமிடப் பதிவில் அவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. ஆனால் எப்போது எழுந்தீர்கள், எப்போது வீடு பூட்டியிருந்தது என்பது கிடைக்கும். நெதர்லாந்தின் மேலவை 2009இல் கட்டாய ஸ்மார்ட் மீட்டர் மசோதாவை ஏற்க மறுத்ததற்கு இந்தக் கவலையே முக்கியக் காரணம். அது மூடநம்பிக்கை இல்லை.

உங்கள் வீட்டில் மீட்டர் வந்துவிட்டதென்றால் ஒன்று செய்து பார்க்கலாம். திரையில் மாறி மாறி வரும் எண்களில் பெரும்பாலும் வோல்டேஜும் வரும். ஹீட்டர் அணைந்திருக்கும்போது அதைக் குறித்துக்கொள்ளுங்கள்; போட்டதும் மறுபடி குறியுங்கள். பக்கத்து வீட்டு லோடும் கலந்துவிடும் என்பதால் சில தடவை செய்து சராசரி எடுங்கள். கம்பி நீளமான இடங்களில் வித்தியாசம் இயல்பாகவே கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதனால் எண்ணைவிட அது மாறுகிறதா என்பதே முக்கியம். இரண்டு மாதம் முன்பு 3 வோல்ட் இறங்கியது இப்போது அதே ஹீட்டருக்கு 8 வோல்ட் இறங்குகிறது என்றால், மீட்டர் பெட்டியைத் தொடாமல் லைன்மேனைக் கூப்பிட்டு, கம்பத்திலிருந்து மீட்டர் வரை இணைப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குறித்து வைத்த எண்களையும் அவரிடம் காட்டுங்கள்.