டேம்பிங்: ஈரமா, வடிகட்டலா, தணிப்பா?

தொட்டியில் திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து அனுப்பும் கருவி திரவ மட்ட டிரான்ஸ்மிட்டர். அதன் மெனுவில் டிஸ்ப்ளே பகுதி பெரிதாகக் குழப்பாது. அலகு மீட்டரா, மில்லிமீட்டரா, சதவீதமா; புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்; மேலிருந்து திரவம் வரை உள்ள தூரத்தைக் காட்டுவதா, அடியிலிருந்து மட்டத்தைக் காட்டுவதா. கடைசி ஒன்றை மட்டும் மாற்றி வைத்துவிட்டால் தொட்டி நிறைய நிறைய எண் குறைந்துகொண்டே போகும், அவ்வளவுதான். ஆட்கள் இடறுவது அடுத்த வரியில், திரையின் எண் துள்ளாமல் அடக்கிவைக்கும் அமைப்பில். சில கருவிகளில் அதன் பெயர் டேம்பிங், சிலவற்றில் ஃபில்டர். எதிரே நொடிக்கணக்கில் ஓர் எண்.

டேம்ப் என்றால் ஈரம் என்றுதான் நமக்குத் தெரியும். ஈரத்துக்கும் நொடிக்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அந்தச் சொல்லுக்கு ஈரம் என்ற பொருளே கிடையாது. பழைய டச்சிலும் வட ஜெர்மனிலும் அது ஆவி. இன்றைய ஜெர்மனில் 'டாம்ஃப்' என்றால் நீராவி. ஆங்கிலத்தில் அது மூச்சை அடைக்கும் நச்சுக்காற்றைக் குறித்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றும் மீத்தேனுக்கு ஃபயர்டேம்ப் என்றும், விளக்கையும் உயிரையும் அணைக்கும் காற்றுக்கு பிளாக்டேம்ப் என்றும் பெயர். மூச்சை அடைப்பது, நெருப்பை அமுக்குவது என்ற வினைப்பொருள் அப்படி வந்தது. அடுப்பில் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடு டேம்பர் ஆனது. பியானோ கம்பியின் அதிர்வை அமுக்கும் கட்டையும் டேம்பர்தான். அலைவதை அடங்கச் செய்வது என்று இயற்பியலில் வழங்குவதும் இந்த வழியில்தான்.

ஃபில்டரின் வேர் இடைக்கால லத்தீனின் 'ஃபில்ட்ரம்': கம்பளி இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணி. திரவத்தை அதில் ஊற்றி வடிப்பார்கள். பியானோவின் டேம்பரிலும் ஒட்டியிருப்பது அதே ஃபெல்ட்தான். இரண்டு சொற்களும் சந்தித்துக்கொள்ள வேறு நல்ல இடம் கிடைக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஃபில்டர் என்றதும் வடிகட்டி என்று எழுதத்தான் கை போகும். இந்த அமைப்புக்கு அது பொருந்தவில்லை என்பது என் கருத்து. வடிகட்டியில் கசடு மேலே தங்கும், வேண்டியது கீழே வரும். இங்கே எதுவும் தங்குவதில்லை. நல்ல மாற்றம், வீண் ஆட்டம் இரண்டையும் கருவி ஒரேமாதிரி மெதுவாக்குகிறது. டேம்பிங்கை 10 நொடி என்று வைத்திருக்கிறோம், மட்டம் சட்டென்று ஒரு படி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நொடியில் அந்த ஏற்றத்தின் 63 சதவீதம்தான் திரையில் தெரியும். 95 சதவீதம் தெரிய 30 நொடி ஆகும். இந்த 10 நொடிதான் கால மாறிலி.

இதில் கிடைக்கும் லாபம் பெரியது. கலக்கி சுழலும் தொட்டியில் 2 நொடிக்கு ஓர் அலை, மேலும் கீழும் 30 மில்லிமீட்டர் ஆடுகிறது என்றால், திரையில் அது 1 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். விலையும் உண்டு. அதே தொட்டி நொடிக்கு 5 மில்லிமீட்டர் வீதம் நிறையும்போது, திரையின் எண் உண்மையான மட்டத்துக்கு 50 மில்லிமீட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். நிரம்பி வழியும் எச்சரிக்கையும் 10 நொடி தாமதம். இந்த அமைப்பு திரைக்கு மட்டுமா, கட்டுப்பாட்டு அறைக்கு மட்டத்தைச் சொல்லும் 4–20 மில்லிஆம்பியர் மின்னோட்ட வெளியீட்டுக்கும் சேர்த்தா என்று கையேட்டில் பார்த்துக்கொள்வது அவசியம். கட்டுப்பாட்டு அறையில் வேறொரு ஃபில்டர் இருந்தால் அப்புறம் தாமதத்தோடு தாமதம் சேரும்.

ஆகவே தணிப்பு. பள்ளி இயற்பியல் நூல்களில் 'தடையுறு அலைவு' என்று இருக்கிறது. அலைவுக்கு அடைமொழியாக நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மெனுவில் தனியாக நிற்காது. 'ஒடுக்கம்' என்றும் எழுதலாம்தான். தொட்டி வேலையில் ஒடுக்கு என்றால் தகட்டில் விழுந்த பள்ளம், அதனால் வேண்டாம். கோபம் தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும்: மூன்றிலும் ஏறியிருந்த ஒன்று மெல்ல அடங்குகிறது. கூடவே தமிழ் இலக்கணம் ஒரு வசதியையும் தருகிறது. தணிதல் தானே நிகழ்வது, தணித்தல் ஒருவர் செய்வது. தொட்டிக்குள் அலை தணியவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. கருவிதான் எண்ணைத் தணிக்கிறது. அதனால் தணிவு என்று எழுதினால் தவறு, தணிப்பு என்பதே சரி. நொடிக்கணக்கைத் 'தணிப்பு நேரம்' என்று சொல்லிவிடலாம்.

இத்தகைய கருவிகளோடு தகவல் பரிமாறும் ஹார்ட் (HART) நெறிமுறையிலும் இந்த மதிப்பை எழுதும் 34ஆம் கட்டளைக்கு டேம்பிங் என்றுதான் பெயர். ஃபில்டர் என்பது சில கருவிகளின் மெனுவில் மட்டும் வரும் பெயர். தளத்திலோ 'ஃபில்டரைப் பாருங்க' என்றால் குழாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றப் போய்விடுவார்கள்.

வடிகட்டி என்ற சொல்லை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். சில ரேடார், அல்ட்ராசோனிக் கருவிகள் கடைசியாக எடுத்த சில அளவுகளை வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளும். கலக்கியின் இறக்கையில் பட்டுத் திரும்பிய ஒற்றைப் பொய் எதிரொலி திரைக்கு வராமல் அதிலேயே தங்கிவிடும். அங்கே உண்மையாகவே கசடு நிற்கிறது. அதை வடிகட்டல் என்றே சொல்லலாம்.